நாலு கோர் இருந்தும் நகராத நெருப்பு நரி

2009ஆம் வருடம் ஜூன் 30ஆம் தேதி. ஃபயர்பாக்ஸ் 3.5 வெளியான நாள். "ஃபயர்பாக்ஸ் 3-ஐ விட இரண்டு மடங்குக்கு மேல் வேகம், ஃபயர்பாக்ஸ் 2-ஐ விடப் பத்து மடங்கு வேகம்" என்றுதான் மொஸில்லா அதை விளம்பரம் செய்தது. ட்ரேஸ்மங்கி என்ற புதிய ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின்தான் அந்த வேகத்துக்குக் காரணம். உலகம் முழுக்க ஆட்கள் போட்டி போட்டு டவுன்லோட் செய்தார்கள்.

செய்தவர்களில் ஒரு பகுதியினருக்கு விசித்திரமான அனுபவம். ஐகானை இரண்டு முறை க்ளிக் செய்தால் எதுவுமே நடக்கவில்லை. பத்து விநாடி, இருபது விநாடி, சிலருக்கு அதற்கும் மேல். "க்ளிக் சரியாக விழவில்லையோ" என்று மறுபடியும் க்ளிக் செய்தால், "ஃபயர்பாக்ஸ் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிறது" என்று ஒரு பெட்டி வந்து நின்றது. ஓடுகிறதாம், ஆனால் கண்ணில் காணோம்! ஒரு வழியாகத் திறந்துவிட்டால் அதன் பிறகு பறக்கிறது. பழைய 3.0-இல் இந்தத் தொல்லை இல்லையே என்பதுதான் எல்லோருடைய புலம்பலும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பாதிக்கப்பட்டவர்கள் எல்லாம் பழைய டப்பா கம்ப்யூட்டர்காரர்கள் இல்லை. அது கோர் 2 குவாட் பரவலாகி, கோர் ஐ7 வந்து சில மாதங்களே ஆன காலம். நாலு கோர், 4 ஜிபி ராம் என்று காசைக் கொட்டி வாங்கியவர்களும் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பழைய பெண்டியம் மெஷினில் அதே ஃபயர்பாக்ஸ் உடனே திறந்தால் எப்படி இருக்கும்?

தேவர்சோலைப் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இதை ரொம்ப விளக்க வேண்டியதில்லை. ஃபேக்டரியில் எவ்வளவு பெரிய சி.டி.சி. மெஷின் வேண்டுமானாலும் வாங்கிப் போடலாம். பறித்து வந்த கொழுந்து வாட்டும் தொட்டியில் அதற்குரிய நேரம் கிடந்து வாடினால்தான் மெஷினுக்குள் போகும். வாடாத கொழுந்துக்காகக் காத்திருக்கும் மெஷின் எத்தனை குதிரைத்திறன் என்பது யாருக்கும் பயன்படாத தகவல். அன்றைய நாலு கோர் ப்ராசஸரும் அப்படித்தான் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் சி.பி.யூ. கிட்டத்தட்ட சும்மா இருக்கும். ஆனால் கேபினெட்டின் முன்னால் இருக்கும் அந்தச் சின்ன ஹார்ட் டிஸ்க் விளக்கு மட்டும் விடாமல் மினுக்கிக்கொண்டே இருக்கும்.

அந்த விளக்குதான் முதல் துப்பு.

வழக்கம் போல முதலில் மாட்டியது அப்பாவிகள். ஆட்-ஆன்களைக் குறை சொன்னார்கள். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு சேஃப் மோடில் திறந்தாலும் அதே தாமதம். பழைய ப்ரொஃபைல் கெட்டுப்போயிருக்கும் என்று புதிதாக ஒன்றை உருவாக்கிப் பார்த்தாலும் அதே கதை. ஆன்டிவைரஸ் மேல் பழி போட்டார்கள். அது முழுப் பொய்யும் இல்லை, அதைப் பிறகு பார்ப்போம்.

இந்த மாதிரி நேரத்தில் கை கொடுக்கும் கருவி ப்ராசஸ் மானிட்டர். மார்க் ருஸ்ஸினோவிச் குழுவின் சிஸ்இன்டர்னல்ஸ் நிறுவனத்தை 2006-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. அதே வருடம் வெளியான இலவசக் கருவி இது. ஒரு புரோகிராம் எந்தெந்த ஃபைலைத் தொடுகிறது, எத்தனை மைக்ரோ விநாடி எடுத்துக்கொள்கிறது என்று வரி வரியாக எழுதிக்கொண்டே போகும். கணக்குத் தணிக்கை செய்பவர் லெட்ஜரின் மொத்தத் தொகையைப் பார்த்துத் திருப்தி அடையாமல் ஒவ்வொரு வவுச்சராகப் புரட்டுவது போல. "கம்ப்யூட்டர் ஸ்லோ" என்பது மொத்தத் தொகை. வவுச்சரில்தான் திருடன் இருப்பான்.

அப்படி வவுச்சர் பார்த்தவர்களுக்குத் தெரிந்த விஷயம் யாரும் எதிர்பாராதது. ஃபயர்பாக்ஸ் தன் சொந்த ஃபைல்களைப் படிக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. விண்டோஸின் டெம்ப் ஃபோல்டரையும், போட்டியாளரான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் சேர்த்து வைத்திருந்த தற்காலிக ஃபைல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து படித்துக்கொண்டிருந்தது!

அந்த ஃபோல்டர்களைக் காலி செய்துவிட்டு மறுபடி திறந்தால்? டக்கென்று திறந்தது. மொஸில்லாவின் பிழைப் பதிவேட்டில் 501605 என்ற எண்ணில் இந்த வழக்கு பதிவாகியிருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் தாமதம் எங்கிருந்து வந்தது என்பது புரியும். அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க் ஒரு சுழலும் தட்டு, நிமிடத்துக்கு 7,200 சுற்று. தட்டின் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு முள் நகர்ந்து படிக்கச் சுமார் 10 மில்லி விநாடி ஆகும். அந்த 10 மில்லி விநாடியில் 3 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸரின் ஒரு கோர் 3 கோடி முறை துடித்து முடித்திருக்கும். ஆனால் டிஸ்கிலிருந்து வர வேண்டியது வராமல் அது என்ன செய்ய முடியும்? ஃபோல்டரில் 2,000 ஃபைல்கள் சிதறிக் கிடந்தால், ஃபைலுக்கு ஒரு தடவை முள் நகர்ந்தாலே 20 விநாடி போய்விடும். இதில் ஒவ்வொரு ஃபைலைத் திறக்கும்போதும் ஆன்டிவைரஸ் குறுக்கே வந்து சோதனை போடும். (பழி முழுப் பொய் இல்லை என்றது இதைத்தான்.) நாலு கோர் என்ன, நாற்பது கோர் இருந்தாலும் முள் ஒன்றுதானே?

பக்கத்து வீட்டுப் பெண்டியம் ஏன் ஜெயித்தது என்பதும் இப்போது விளங்கும். அதில் குப்பை கம்மி, அவ்வளவுதான். ஆக மொத்தத்தில் இங்கே ஓட்டப்பந்தயம் ப்ராசஸர்களுக்கு இடையே இல்லை, குப்பைத் தொட்டிகளுக்கு இடையே. 2009-இல் கூடலூர் மாதிரி ஊர்களின் பிரவுசிங் சென்டரை நினைத்துப் பாருங்கள். ப்ளஸ் டூ ரிசல்ட் நாளில் மதியம் வரை வரிசை நிற்கும். எல்லோரும் ஒரே விண்டோஸ் கணக்கில் உட்கார்ந்து, ஒரே இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் பார்த்துவிட்டுப் போவார்கள். யாரும் எதையும் அழிக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட மெஷினில் ஃபயர்பாக்ஸ் 3.5-ஐப் போட்டால் அது எத்தனை பேருடைய குப்பையைக் கிளற வேண்டியிருக்கும்!

சரி, முக்கியமான கேள்விக்கு வருவோம். ஒரு பிரவுசர் எதற்காக இன்னொரு பிரவுசரின் குப்பையைக் கிளற வேண்டும்? உளவு பார்க்கவா? அப்படியும் அப்போது சிலர் சந்தேகப்பட்டார்கள். உண்மைக் காரணம் அதைவிடச் சுவாரசியமானது. அது தேடியது தகவலை இல்லை. யாரும் ஊகிக்க முடியாத ஓர் எண்ணை.

வங்கித் தளத்துக்குள் போகும்போது வரும் பூட்டுச் சின்னம் எல்லோருக்கும் தெரியும். அந்த இணைப்புக்காக பிரவுசர் ஒவ்வொரு முறையும் ஒரு ரகசிய எண்ணை உருவாக்குகிறது. அது எதேச்சையான எண்ணாக இருக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கோ எதேச்சை என்பதே வராது. சொன்னதை அப்படியே செய்வதுதான் அதன் பிறவிக்குணம். அதனால் வெளியிலிருந்து ஏதாவது ஒழுங்கற்ற பொருளை அள்ளிப்போட்டுக் கலக்க வேண்டும்.

நம் ஊரில் இது பழைய விஷயம். உத்திரமேரூர்க் கல்வெட்டை (முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 919 மற்றும் 921) எல்லோரும் தேர்தலுக்கு உதாரணமாகச் சொல்வார்கள். அதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 30 குடும்புகளிலும் தகுதியானவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஊர்ச் சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, குடத்தைக் குலுக்கி, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்கிறது அது. ஏன் சிறுவன்? ஏன் குலுக்க வேண்டும்? யாருடைய பெயர் வரும் என்று எவனும் முன்கூட்டியே ஊகித்துவிடக்கூடாது என்பதற்காக. குடம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சரியாகக் குலுக்கவில்லை என்றால் தேர்தல் வீண். இதை நெட்ஸ்கேப் 1995-இல் அடிபட்டுத் தெரிந்துகொண்டது.

நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பங்கு 1995 ஆகஸ்ட் 9 அன்று சந்தைக்கு வந்தது. வெளியீட்டு விலை 28 டாலர். முதல் நாள் முடிவில் 58.25 டாலர்! டாட்காம் காய்ச்சலே அன்றுதான் தொடங்கியது என்று சொல்பவர்கள் உண்டு. லாபம் காட்டாத நிறுவனத்துக்கு இவ்வளவு மதிப்பா என்றால், "இனி வியாபாரம் எல்லாம் இன்டர்நெட்டில்தான் நடக்கும், அதற்கான பாதுகாப்புப் பூட்டு நெட்ஸ்கேப்பிடம் இருக்கிறது" என்ற நம்பிக்கையும் அதற்கு ஒரு காரணம். எஸ்.எஸ்.எல். என்ற அந்தப் பூட்டு நெட்ஸ்கேப்பின் சொந்தக் கண்டுபிடிப்பு.

ஆறே வாரம். செப்டம்பரில் பெர்க்லியில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் இரண்டு பேர், இயன் கோல்ட்பெர்க், டேவிட் வாக்னர், அந்தப் பூட்டைத் திறந்து காட்டினார்கள். நியூயார்க் டைம்ஸ் அதைச் செய்தியாகப் போட்டது.

அவர்கள் கணக்கு முறையை உடைக்கவே இல்லை. நெட்ஸ்கேப் தன் மூல நிரலை வெளியிடாத காலம் அது. ஓடும் புரோகிராமைப் பிரித்துப் பார்த்து, ரகசிய எண்ணுக்கான விதை எங்கிருந்து வருகிறது என்று தேடினார்கள். யூனிக்ஸ் பதிப்பில் கிடைத்த பதில்: அப்போதைய நேரம், அந்தப் புரோகிராமின் ப்ராசஸ் எண், அதைத் தொடங்கிய தாய்ப் புரோகிராமின் எண். இவ்வளவுதான் குடத்தில் இருந்த ஓலைகள்! பல பேர் பகிர்ந்துகொள்ளும் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரில் இரண்டு ப்ராசஸ் எண்களையும் யார் வேண்டுமானாலும் ஒரு கட்டளை கொடுத்துப் பார்க்கலாம். எந்த விநாடி என்பதும் தெரியும். தெரியாதது எந்த மைக்ரோ விநாடி என்பது மட்டும். ஒரு விநாடிக்கு 10 லட்சம் மைக்ரோ விநாடி. 10 லட்சம் சாவிகளைப் போட்டுப் பார்ப்பதற்கு அன்றைய கம்ப்யூட்டருக்கே ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அமெரிக்காவுக்குள் விற்ற 128 பிட் பூட்டு, ஏற்றுமதிக்கென்று பலவீனமாக்கிய 40 பிட் பூட்டு, இரண்டும் ஒரே நேரத்தில்தான் திறந்தன. பெரிய பூட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை. நாலு கோர் ப்ராசஸர் காத்துக் கிடந்த கதைக்கு இது அண்ணன் கதை.

நெட்ஸ்கேப் அவசர அவசரமாகத் திருத்தம் வெளியிட்டது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை எட்டிப் பார்க்காது அல்லவா? அதன் பிறகு அந்தப் பாதுகாப்பு நிரல் கம்ப்யூட்டரில் கையில் கிடைக்கும் ஒழுங்கற்ற விஷயத்தை எல்லாம் அள்ளிக் குடத்தில் போட்டுக் குலுக்கும் பழக்கத்துக்கு வந்தது. அதில் ஒன்றுதான் ஃபைல்களைப் படிப்பது. ஒவ்வொருவருடைய கம்ப்யூட்டரிலும் ஃபைல்களின் பெயர், அளவு, நேரம், உள்ளடக்கம் வேறு வேறாக இருக்கும். வெளியே இருக்கும் திருடனுக்கு அது தெரியாது. தினமும் மாறும் ஃபைல்கள் என்றால் இன்னும் விசேஷம். அப்படி தினமும் மாறுவது எது? குப்பைதான்!

பிறகு நெட்ஸ்கேப் சரிந்தது. 1998 மார்ச் 31 அன்று அதன் பிரவுசரின் மூல நிரல் பொதுவில் வைக்கப்பட்டு மொஸில்லா பிறந்தது. சங்கேத மென்பொருள் ஏற்றுமதிக்கு அமெரிக்க அரசின் கெடுபிடி இருந்ததால் பாதுகாப்புப் பகுதி மட்டும் அப்போது வெளிவரவில்லை. 2000-இல் விதிகள் தளர்ந்த பிறகு அதுவும் வந்தது. என்.எஸ்.எஸ். என்று பெயர். ஃபயர்பாக்ஸ் அதைத்தான் வைத்துக்கொண்டது. வீடு மாறினாலும் பாட்டி காலத்துப் பெட்டி கூடவே வருவது போல, 1995-இன் பயமும் அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்து வந்தது. 2009-இல் பிரவுசர் திறக்கும்போது என்.எஸ்.எஸ். கண்விழித்து, குடத்தை நிரப்ப டெம்ப் ஃபோல்டருக்குள் புகுந்தது. அது வேலையை முடிக்கும் வரை ஜன்னல் திறக்காது.

"விண்டோஸே எதேச்சை எண் கொடுக்குமே, அதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே, இது என்ன முட்டாள்தனம்" என்று இன்று சொல்வது சுலபம். ஆனால் அந்த வருடங்களில் நடந்ததைப் பார்த்தால் அந்தப் பாட்டியின் சந்தேகம் அநியாயம் என்று சொல்ல முடியாது. 2007 நவம்பரில் டோரன்டார்ஃப், குட்டர்மன், பின்கஸ் என்ற மூன்று இஸ்ரேலிய ஆய்வாளர்கள் விண்டோஸ் 2000-இன் எதேச்சை எண் இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்து அதில் பலவீனங்கள் இருப்பதைக் காட்டினார்கள். விண்டோஸ் எக்ஸ்.பி.யிலும் அந்தக் கோளாறு உண்டு என்று மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டு, சர்வீஸ் பேக் 3-இல் சரிசெய்தது.

அதைவிடப் பெரிய பாடம் டெபியன் லினக்ஸில் நடந்தது. 2006-இல் ஓபன்எஸ்எஸ்எல் நிரலில் இருந்த ஒரு வரி, பிழை தேடும் கருவி ஒன்றில் எச்சரிக்கை காட்டிக்கொண்டே இருந்தது. "தேவையில்லாத வரிதானே" என்று அதை நீக்கிவிட்டார்கள். குடத்தில் ஓலை போடும் வரியே அதுதான்! மிச்சம் இருந்த ஒரே ஓலை ப்ராசஸ் எண். 2008 மே 13 அன்று இது வெளிச்சத்துக்கு வந்தபோது, ஒன்றரை வருடத்துக்கும் மேலாக டெபியனிலும் உபுண்டுவிலும் உருவான சாவிகள் எல்லாம், ஒவ்வொரு வகைக்கும் வெறும் 32,767 சாத்தியங்களுக்குள் அடங்கிவிட்டன என்று தெரிந்தது. பதின்மூன்று வருடம் கழித்து நெட்ஸ்கேப்பின் அதே தவறு, அதே ப்ராசஸ் எண். உலகம் முழுக்க சர்வர் நிர்வாகிகள் சாவிகளை மாற்றிக்கொண்டு திரிந்தார்கள்.

இது நடந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. இப்போது ஃபயர்பாக்ஸ்காரர்கள் கையில் ஒரு வழக்கு: "உங்கள் எதேச்சை எண் நிரல் ரொம்ப நேரம் எடுக்கிறது, கொஞ்சம் வெட்டுங்கள்." வெட்டினால் லட்சக்கணக்கான பேருக்குப் பிரவுசர் உடனே திறக்கும். தப்பாக வெட்டினால் அத்தனை பேருடைய வங்கிக் கணக்கும் பத்து லட்சத்தில் ஒரு ஊகமாக நிற்கும், அதுவும் யாருக்கும் தெரியாமலேயே. மெதுவாகத் திறக்கும் பிரவுசரை உபயோகிப்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். மோசமாகக் குலுக்கிய குடத்தை எந்த வாடிக்கையாளரும் கண்டுபிடிக்க மாட்டார். இந்த இடத்தில் கை நடுங்காதவன் நிரல் எழுதவே கூடாது :-)

தீர்வு 2009 ஜூலை 16 அன்று வெளியான 3.5.1-இல் வந்தது. சில விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் ஃபயர்பாக்ஸ் திறக்க அதிக நேரம் எடுத்த பிரச்சனை சரிசெய்யப்பட்டது என்று வெளியீட்டுக் குறிப்பில் ஒற்றை வரி. குப்பையைக் கிளறும் வேலை போனது, இயங்குதளமே கொடுக்கும் எதேச்சை எண்ணை என்.எஸ்.எஸ். நம்ப ஆரம்பித்தது.

அதே 3.5.1-இல் இன்னொரு திருத்தமும் இருந்தது. மூன்று நாள் முன்பு அம்பலமான ஓர் ஆபத்தான ஓட்டைக்கு அடைப்பு. அந்த ஓட்டை இருந்த இடம் எது தெரியுமா? விளம்பரத்தில் வந்த அதே ட்ரேஸ்மங்கி எஞ்சின்! திருத்தம் வரும் வரை அந்த எஞ்சினையே அணைத்து வைக்கச் சொல்லி மொஸில்லா அறிவுறுத்தியது. ஆக, வேகத்துக்காகச் சேர்த்ததில் பாதுகாப்புக் கோளாறு, பாதுகாப்புக்காகச் சேர்த்ததில் வேகக் கோளாறு. இரண்டுக்கும் ஒரே நாளில் ஒரே மருந்து. தணிக்கை அறிக்கையில் இப்படி எழுதினால் நம்புவார்களா?

மொஸில்லா அவசரப்பட்டதற்கு வேறொரு காரணமும் இருந்தது. 2008 செப்டம்பர் 2 அன்று கூகுள் தன் க்ரோம் பிரவுசரை வெளியிட்டிருந்தது. அந்த முயற்சியை முன்னின்று நடத்தியவர் மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. க்ளிக் செய்ததும் திறப்பது என்பதே க்ரோமின் பெரிய கவர்ச்சியாக இருந்தது. திறக்கவே இருபது விநாடி எடுக்கும் பிரவுசர் அந்தப் போட்டியில் எத்தனை நாள் நிற்கும்?

அடுத்த சில வருடங்கள் மொஸில்லாவில் திறக்கும் நேரத்தைக் குறைப்பதே தனி வேலையாக நடந்தது. 2010-இல் டாரஸ் க்ளெக் என்ற பொறியாளர் கண்டுபிடித்தது சிரிக்கவைக்கும் ரகம். லினக்ஸில் ஃபயர்பாக்ஸின் பெரிய ஃபைல் டிஸ்கிலிருந்து ஏறும்போது, அதன் ஆரம்பநிலை நிரல்கள் பின்னாலிருந்து முன்னால் என்ற வரிசையில் ஓடிக்கொண்டிருந்தன. இயங்குதளமோ எப்போதும் முன்னால் போவதை எதிர்பார்த்து அடுத்த பக்கத்தைத் தயாராக எடுத்து வைக்கும். புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பவனுக்கு அடுத்த பக்கத்தைப் புரட்டிக் கொடுப்பது போல! 2011 மார்ச்சில் வந்த ஃபயர்பாக்ஸ் 4-இல் சிதறிக் கிடந்த நூற்றுக்கணக்கான சின்ன ஃபைல்களை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டினார்கள். முள் ஓடும் ஓட்டம் இன்னும் குறைந்தது.

பிறகு சுழலும் தட்டுகளின் இடத்தில் எஸ்.எஸ்.டி. வந்தது, முள்ளே இல்லாமல் போனது. ஆனாலும் இந்த வகை வழக்கு தீர்ந்தபாடில்லை. 2018-இல் கூகுளின் ப்ரூஸ் டாசன் 24 கோர் மெஷினில் உட்கார்ந்து ஜிமெயிலில் டைப் செய்ய முடியாமல் தவித்ததை விரிவாக எழுதியிருக்கிறார். அங்கேயும் ப்ராசஸர் சும்மாதான் இருந்தது. விண்டோஸின் ஒரு பகுதி பிரவுசரின் நினைவகத்தைக் கணக்கெடுப்பதற்காகப் பூட்டிவைத்திருந்தது. கணக்கு முடியும் வரை விசைப்பலகைக்கு வேலை இல்லை. அவரும் டாஸ்க் மேனேஜரோடு நிற்காமல், வவுச்சர் புரட்டித்தான் கண்டுபிடித்தார்.

ஃபயர்பாக்ஸ் திறக்கவில்லை என்றால் டெம்ப் ஃபோல்டரைக் காலி செய் என்ற வைத்தியம் இன்றும் ஊர் ஊராகச் சுற்றிவருகிறது. கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவர்கள் கடையில் முதலில் செய்வதும் அதுதான். 2009 ஜூன் 30 முதல் ஜூலை 16 வரை, அந்தப் பதினாறு நாளில், அது உண்மையாகவே அருமையாக வேலை செய்தது.